தெருவை அடைக்கிறதா, ஹாலுக்கு கூட்டிட்டு போறதா, வீட்டிலயே வைக்கிறதா: அடுத்த கொள்ளைநோய்க்கு நம்ம கடற்கரை ஊர் எதை எழுதி வைக்கணும்

எங்க ஊர் கமிட்டியில இப்ப ஒரு நல்ல வேலை ஓடிட்டு இருக்கு. மறுபடி கொரோனா மாதிரி ஒண்ணு வந்தா ஊர் என்ன செய்யணும்னு முன்கூட்டியே ஒரு நாலு பக்கம் எழுதி பஞ்சாயத்துலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் குடுத்து வைக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். 2020ல எல்லாமே மேல இருந்து ராத்திரியோட ராத்திரியா வந்து இறங்கினது, மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவியில பேசினாரு, 12 மணிக்கு நாடே பூட்டியாச்சு, அந்த 4 மணி நேரத்துல எந்த ஊராலயும் எதையும் யோசிச்சிருக்க முடியாது. இப்ப நோய் இல்லாத நேரம், ஆற அமர உக்காந்து சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வரலாம்.

பெரிய சண்டை ஒரே ஒரு விஷயத்துலதான். தெருவுல நோய் வந்துட்டுன்னு தெரிஞ்ச உடனே என்ன செய்யது? ஒரு கூட்டம் தெருவையே தகரம் வச்சு அடைச்சிரணும்ங்குது. இன்னொரு கூட்டம் நோய் வந்தவங்க எல்லாரையும் பாரிஷ் ஹாலுக்கோ (சர்ச் ஹால்) பள்ளிக்கூடத்துக்கோ மாத்திரணும்ங்குது. மூணாவது, அவங்கவங்க வீட்டிலயே இருக்கட்டும், ஊர் அவங்களுக்கு சாப்பாடு, பணம், மருந்து கொண்டு குடுக்கட்டும்ங்கிறது. நான் மூணாவது கட்சி, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா மத்த ரெண்டையும் சும்மா தள்ளி விடல, ஏன் அதுல நம்பிக்கை வருதுன்னு எனக்கு நல்லாவே புரியுது, அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

வெளியூர்காரங்க படிச்சா அவங்களுக்காக ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மாவட்டம் சின்னது, சனம் அதிகம். 2011 கணக்கெடுப்புல 18.7 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டு சராசரி 555தான். நீரோடியில இருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் கடலோரமா வரிசையா ஊர்கள், அதுல வீடும் வீடும் ஒட்டி இருக்கும், ஒரு வீட்டுல தாளிச்சா மூணாவது வீட்டுல தும்மல் வரும். கடன் வாங்கி கட்டின மாடி வீடும் உண்டு, ஒத்தை அறையில ஏழு பேர் படுக்கிற வீடும் உண்டு, ரெண்டும் ஒரே தெருவுலதான். அதனால சென்னையில ஒரு பிளாட்ல இருக்கவங்களுக்கு போடுற அதே ரூல நமக்கும் போட்டா அது நமக்கு பொருந்தாது.

எதை வச்சு இந்த மூணையும் அளக்குறது? கமிட்டியில ஒருத்தர் நோய் எது வேகமா நிக்குமோ அது போதும்னாரு. அது பாதிதான். 1984ல இத்தாலியில சிராகுசாங்கிற ஊர்ல சட்டம் படிச்சவங்க கூடி சில விதிகள் எழுதினாங்க, அரசு மக்களோட உரிமையை கட்டுப்படுத்தணும்னா என்னென்ன நிபந்தனைன்னு. சட்டத்துல இடம் இருக்கணும், உண்மையிலயே தேவைப்படணும், இதைவிட குறைஞ்ச கட்டுப்பாட்டுல அதே பலன் கிடைச்சா அதைத்தான் எடுக்கணும், ஏழை பணக்காரன்னோ சாதி மதம்னோ பாத்து போடக்கூடாது, எப்ப முடியும்னு ஒரு காலவரையறை வேணும். இதை கேட்டா யாருக்கும் நியாயமாத்தான் படும். நம்ம நாட்டு சட்டத்துலயும் இதுக்கு ஒரு பிடி இருக்கு, 2005 பேரிடர் மேலாண்மை சட்டத்துலதான் ஊரடங்கு எல்லாம் போட்டாங்க, அதே சட்டத்தோட 12வது பிரிவு பாதிக்கப்பட்டவங்களுக்கு தங்குமிடம், சாப்பாடு, குடிதண்ணி, மருத்துவம், சுகாதார வசதின்னு குறைந்தபட்ச நிவாரணத்துக்கு அளவு வகுக்கணும்னு சொல்லுது. தண்டனை குடுக்கிற 51வது பிரிவை பத்தி அன்னைக்கு மைக் கட்டி சொன்னாங்க, இந்த 12வது பிரிவை யாரும் மைக்ல சொல்லி நான் கேக்கல.

சரி, தகரம்.

தகரத்துக்கு ஏன் இவ்வளவு ஆதரவுன்னா அது கண்ணுக்கு தெரியும். ஏதோ நடக்குதுன்னு ஒரு தைரியம் வரும், அதிகாரிக்கும் போட்டோ எடுத்து மேல அனுப்ப வசதி, செலவும் கம்மி மாதிரி தெரியும். எங்க தெருவோட மேற்கு முனையில மூணு தகரத்தை சவுக்கு கம்புல வச்சு கட்டுக்கம்பி போட்டு கட்டினாங்க, கிழக்கு முனையில ஒரு போலீஸ்காரர் நாற்காலி. அடுத்த நாள் காலையில ஒரு பாட்டிக்கு இன்சுலின் போடணும், அவங்க வீட்டுல பிரிட்ஜ் கிடையாது, எதிர்த்த வரிசையில ஒரு வீட்டு பிரிட்ஜ்லதான் எப்பவும் வச்சிருப்பாங்க, அந்த வீடு தகரத்துக்கு அந்தப்பக்கம் போயிட்டு. தகரத்துல ஒட்டின பேப்பர்ல ஒரு போன் நம்பர் இருந்துது, அடிச்சா அடிச்சிட்டே இருக்கு, எடுக்க ஆள் இல்ல. கடைசில அந்த வீட்டம்மா ஐஸ் கட்டி போட்ட டிபன் பாக்ஸ்ல மருந்தை வச்சு தகரத்துக்கு மேல கூடி நீட்ட, பேரன் ஒரு குடத்தை கவுத்து அதுல ஏறி நின்னு வாங்கினான், போலீஸ்காரர் விசில் அடிச்சாரு, ஆனா அவரும் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டாரு, அவருக்கும் அம்மா இருப்பாங்கல்ல.

இது ஒரு பாட்டி கதைன்னு விட்டுரலாம். ஆனா நோய் பரவுற விதத்தை பாத்தாலும் தகரம் நிக்காது. கொரோனா அறிகுறி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்கு பரவும். 2020ல டெஸ்ட் ரிசல்ட் வரவே நாள் ஆச்சு. அப்ப ரிசல்ட் வந்து, பேப்பர் அடிச்சு, தகரம் வந்து கட்டி முடிக்கும்போது அந்த ஆள்கிட்ட இருந்து போக வேண்டியது எல்லாம் போயிருக்கும். அதுக்கப்புறம் நோய் உள்ளவங்களையும் இல்லாதவங்களையும் ஒரே குழாயடியிலயும் ஒரே சந்துலயும் சேர்த்து பூட்டி வைக்கிறோம், வெளிய இருக்கவங்களை காப்பாத்த உள்ள இருக்கவங்களை பணயம் வைக்கிறதுதான் அது.

பக்கத்துலயே பூந்துறை இருக்கு, திருவனந்தபுரம் கடற்கரை, நம்ம சொந்தக்காரங்க பாதி பேரு அங்க இருக்காங்க. 2020 ஜூலையில அங்க நோய் கூடினப்ப கமாண்டோ போலீஸையே கொண்டு இறக்கினாங்க. ரெண்டொரு நாள்லயே சனம் ரோட்டுக்கு வந்துட்டு, சாமான் வாங்க முடியல, எங்க ஊரையே நோய் ஊர்னு பேசுறாங்கன்னு சத்தம். சுகாதார ஊழியர்களோட வண்டியையும் மறிச்சாங்க. அதுக்கப்புறம் பேசி சமாதானம் ஆகி, அதே சனம் அதே டாக்டர், நர்ஸ்களை பூ தூவி வரவேத்ததும் நடந்துது. முரட்டுத்தனம் பண்ண முடியாததை பேச்சு பண்ணிட்டு.

தூரத்துல போனா இன்னும் மோசம். லைபீரியாவுல 2014 ஆகஸ்ட்ல எபோலா வந்தப்ப மன்ரோவியா நகரத்துல வெஸ்ட் பாயிண்ட்ங்கிற குடிசைப்பகுதியை, சுமார் 75,000 பேர் இருந்த இடம், ராணுவம் வச்சு அடைச்சாங்க. மொத நாளே கலவரம், துப்பாக்கிச்சூட்டுல 15 வயசு பையன் ஒருத்தன் செத்துப்போனான், 21 நாள்னு போட்ட அடைப்பை 10 நாள்ல எடுத்துட்டாங்க. ஏழை நாடுன்னுதான் அப்படி ஆச்சான்னா, ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல 2020 ஜூலை 4ந்தேதி அரசு குடியிருப்பு டவர் 9, அதுல சுமார் 3,000 பேர், முன்னறிவிப்பே இல்லாம அன்னைக்கே பூட்டிட்டாங்க. அதுல நிறைய பேர் வெளிநாட்டுல இருந்து குடியேறினவங்க, அகதியா வந்தவங்க, கஷ்டப்பட்டவங்க. அந்த மாநிலத்து ஆம்புட்ஸ்மேன், அதாவது அரசு மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி, விசாரிச்சு டிசம்பர்ல அறிக்கை குடுத்தாங்க, இப்படி உடனடியா பூட்டினது மனித உரிமை மீறல்னு. பங்களா இருக்கிற ஏரியாவை இப்படி பூட்டியிருப்பாங்களாங்கிற கேள்வி மெல்போர்ன்லயும் உண்டு, நாகர்கோவில்லயும் உண்டு.

தகரம் போன பிறகும் அதோட வேலை முடியல. எங்க தெரு அம்மாமாரு மீன் சட்டியோட போனா "நீங்க அந்த தகரம் அடிச்ச தெருதானே"ன்னு கேட்டு வாங்காம திருப்பி விட்டாங்க, மாசக்கணக்கா. வீட்டுக்கு முன்னாடி கொரோனா நோட்டீஸ் ஒட்டுறதை பத்தி உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9ல தெளிவா சொல்லிட்டு, பேரிடர் சட்டத்துல அதிகாரம் உள்ளவங்க தனியா உத்தரவு போட்டா ஒழிய அப்படி ஒட்டக்கூடாதுன்னு. ஒரு பேப்பருக்கே அப்படின்னா தெருவை அடைச்ச தகரத்துக்கு என்ன சொல்ல.

அடுத்தது ஹால். இதுல நியாயம் நிறைய இருக்கு. மும்பை தாராவியில பெரும்பாலானவங்க பொதுக்கழிப்பறைதான், ஒரு அறையில எட்டு பத்து பேர், அங்க போய் வீட்டுல தனியா இருங்கன்னா அது வாய் வார்த்தைதான். அதனால பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், விளையாட்டு அரங்கம் எல்லாம் எடுத்து நோய் வந்தவங்களையும் சந்தேகப்பட்டவங்களையும் அங்க வச்சு சாப்பாடு, டாக்டர் எல்லாம் குடுத்தாங்க, வீடு வீடா தேடிப்போய் டெஸ்ட் எடுத்தாங்க, அங்க நோய் அடங்கினதை உலக சுகாதார அமைப்போட தலைவரே எடுத்துச் சொன்னாரு. எங்க ஊர்லயும் தாராவி மாதிரி வீடுகள் இருக்கு, அந்த வீடுகளுக்கு ஹால் இல்லாம வழியே கிடையாது.

எனக்கு இருக்கிற தயக்கம் எல்லாரையும் கட்டாயமா கொண்டு போறதுலதான். 2004 சுனாமிக்கு அப்புறம் கோவில் ஹால்லயும் பள்ளிக்கூடத்துலயும் தகர ஷெட்லயும் கிடந்தவங்க இந்த கடற்கரையில ஆயிரக்கணக்குல இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டா சொல்வாங்க, சாப்பாடு கிடைச்சுது, மானம்தான் கஷ்டம்னு. நூறு பேருக்கு ரெண்டு கக்கூஸ், பொம்பளைங்க இருட்டினதும் தண்ணி குடிக்கிறதையே விட்டுருவாங்க. பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒதுக்கம் இல்ல. மனநல மாத்திரை சாப்பிடுறவங்க, காது கேக்காதவங்க, படுத்த படுக்கையா இருக்கவங்க, திருநங்கைகள், இவங்களை எந்த பக்கம் படுக்க வைக்கணும்னு யாரும் யோசிச்சு வைக்கறதில்ல. தினமும் குடிக்கிற ஆளுக்கு திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு வரை போகும், அது மருத்துவர் பாக்க வேண்டிய விஷயம், ஹால்ல வாலண்டியர் பையன் அதட்டி சரி பண்ற விஷயம் கிடையாது. வீட்டுல அம்மாவை மட்டும் தூக்கிட்டு போனா மூணு பிள்ளைங்க யாரோட, அப்பா தங்கல் வள்ளத்துல போய் மாசம் ஆச்சு, தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்கு போறவங்க முப்பது நாப்பது நாள் கழிச்சுதான் கரைக்கு வருவாங்க. கட்டாயம்னு சொன்னா நடக்கிறது ஒண்ணே ஒண்ணு, சனம் காய்ச்சலை மறைச்சிரும். டெஸ்ட்டுக்கு வராது, பாராசிட்டமால் போட்டுட்டு ஏலக்கூடத்துக்கு போயிரும். அது தகரத்தை விட மோசம்.

அதனால ஹால் வேணும், கதவு திறந்தே இருக்கணும், வர விருப்பம் உள்ளவங்களுக்கும் வீட்டுல இடம் இல்லாதவங்களுக்கும். பொம்பளைங்களுக்கு தனி கட்டடம், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ், ராத்திரி பெண் வாலண்டியர், எல்லா ஜன்னலும் திறக்கிற மாதிரி, காத்துல பரவுற நோய்க்கு ஜன்னலை விட மலிவான மருந்து இல்ல. இதெல்லாம் இருக்கான்னு ஹாலை இப்பவே போய் பாத்து எழுதணும், நோய் வந்த அன்னைக்கு சாவி யார்கிட்டன்னு தேடக்கூடாது.

இனி வீட்டுத்தனிமை. இதை எதிர்க்கிறவங்க சொல்ற ஒரே வாதம், "யாரு மக்கா வீட்டுல இருப்பா, ரெண்டாம் நாளு வேலைக்கு போயிருவான்." உண்மைதான், போயிருவான், ஏன்னா மூணாம் நாள் அடுப்பு எரியாது. 2020 ஏப்ரல்ல ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபா குடுத்தாங்க, 2021ல மே மாசம் 2,000, ஜூன் மாசம் 2,000. அது எல்லாருக்கும் பொதுவா குடுத்தது, கொள்ளாம், தேவைப்பட்டுது. ஆனா நோய் வந்து ஏழு நாள் வீட்டுல இருக்கிற ஒரு ரப்பர் பால்வெட்டு தொழிலாளிக்கோ அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) போற அக்காவுக்கோ அந்த ஏழு நாள் கூலி யாரு குடுக்கா? மாசச்சம்பளக்காரருக்கு லீவு உண்டு, இவங்களுக்கு லீவுன்னா பட்டினி. ஒரே ரூல் ரெண்டு பேருக்கும் போட்டா அது சமமா போட்ட மாதிரி தெரியும், ஆனா ஒருத்தருக்கு ஓய்வு, இன்னொருத்தருக்கு அபராதம்.

ஒரு கணக்கு போட்டு பாத்தேன், உதாரணத்துக்குத்தான். 120 வீடு உள்ள ஒரு தெரு, அதுல 15 வீட்டுல நோய். வீட்டுக்கு ஒரு ஆள் கூலி ஒரு நாளைக்கு 500 ரூபான்னு வைங்க. தெருவை 14 நாள் அடைச்சா தெரு இழக்கிற கூலி 8,40,000 ரூபா. அதுவே அந்த 15 வீட்டை மட்டும் 7 நாள் இருக்க சொல்லி முழு கூலியும் கையில குடுத்தா 52,500 ரூபா. நோய் இன்னும் பத்து வீட்டுக்கு பரவினாலும் ஒரு லட்சம் தாண்டாது. தகரம் செலவில்லாத வழின்னு தோணுறதுக்கு காரணம், அந்த எட்டு லட்சம் யாரோட பட்ஜெட்லயும் எழுதப்படல, அது சனத்தோட அடுப்புல இருந்து போனது, நகை அடகு வச்ச சீட்டுல மட்டும்தான் அதுக்கு கணக்கு இருக்கும்.

பணம் எங்க இருந்து வரும்ங்கிறதுதான் உண்மையான முட்டுக்கட்டை. 2020 மார்ச் 14ல மத்திய அரசு கொரோனாவை பேரிடரா அறிவிச்சு மாநில பேரிடர் நிதியை எடுக்க வழி பண்ணிச்சு. தனிமை முகாம்ல இருக்கவங்களுக்கு தங்க, சாப்பிட, துணி, மருந்துக்கு எல்லாம் அதுல இடம் உண்டு. ஆனா வீட்டுத்தனிமை நீங்கலாகன்னு அதுலயே போட்டிருந்துது. அப்ப முகாமுக்கு போனா அரசு செலவு, வீட்டுல இருந்தா உன் செலவு. இது மாறணும்னு சட்டமன்ற உறுப்பினர்கிட்டயும் நாடாளுமன்ற உறுப்பினர்கிட்டயும் மனு குடுக்கணும், நான் எழுதுற நாலு பக்கத்துல இது ஒரு தனி பத்தி. அது மாறுற வரைக்கும் பஞ்சாயத்து பொதுநிதி, கோவில் நிதி, விசைப்படகு சங்கம், மகளிர் குழு எல்லாம் சேர்ந்து ஒரு தனி கணக்கு இப்பவே திறந்து வைக்கிறதுதான் வழி, 2017ல ஒக்கி புயலுக்கு அப்புறம் இந்த கடற்கரை அப்படித்தான் தன்னைத்தானே தூக்கி நிறுத்திச்சு, அப்பவும் காணாமப்போன மீனவங்களை அரசு வர்றதுக்கு முன்னாடி நம்ம வள்ளங்கள்தான் தேடிப்போச்சு.

பணத்தோட கூட வேற என்ன வேணும்னா, அன்பியத்துக்கு (பாரிஷ்ல பக்கத்து பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்ன குழு) ரெண்டு பேர் பொறுப்பு, விரல்ல மாட்டி ஆக்சிஜன் அளவு பாக்கிற ஒரு ஆக்சிமீட்டர். கொரோனா மாதிரி நுரையீரலை பிடிக்கிற நோயில மூச்சு முட்டுறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் இறங்கும், ஆள் சிரிச்சு பேசிட்டே இருப்பாரு, 94க்கு கீழ போனா ஆஸ்பத்திரி. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, தூங்குறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்து ஒரு நோட்டுல எழுதணும், விரல்ல மருதாணியோ நகப்பூச்சோ இருந்தா அளவு தப்பா காட்டும்னு அதையும் சொல்லிக்குடுக்கணும். வீட்டுல இருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போக 108 வர நேரமாச்சுன்னா ஊர்ல ரெண்டு வண்டி டீசல் போட்டு நிக்கணும். கஞ்சி, பயறு, முட்டை வாசல்ல. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை பதினஞ்சு நாளுக்கு முன்கூட்டியே, மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருதுல்ல, அந்த அக்காகிட்ட ஏற்கெனவே லிஸ்ட் இருக்கும். ஆனா அந்த லிஸ்ட் வாட்ஸ்அப் குரூப்ல வரக்கூடாது. யாருக்கு நோய்ங்கிறது நர்சம்மாவுக்கும் பொறுப்புக்காரங்களுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும், இதை எழுத்துல வாங்கணும்.

இதுலயும் ஆபத்து இருக்கு, வீட்டுல அடி வாங்குற பொண்ணுக்கு வீட்டுத்தனிமைன்னா ஜெயில்தான். அவங்க காரணம் சொல்லாமலே ஹாலுக்கு வரலாம்னு ஒரு வரி இருக்கணும், அந்த ஒரு வரிக்காகவே ஹால் வேணும்னு நான் கேக்குறேன்.

இன்னொண்ணும் மறந்துரக்கூடாது, அடுத்து வர்றது கொரோனா மாதிரியே இருக்கணும்னு இல்ல. 2018ல கோழிக்கோடு பக்கம் வந்த நிப்பா கூடவே இருந்து பாத்துக்கிறவங்களையும் ஆஸ்பத்திரியில இருந்தவங்களையும்தான் பிடிச்சுது, அந்த மாதிரி வந்தா நோயாளியை வீட்டுல வைக்கவே கூடாது, ஆஸ்பத்திரி தனிவார்டுதான். தொடர்புல வந்தவங்களை மட்டும் வீட்டுல வச்சு கண்காணிக்கலாம், கேரளாவுல அப்படித்தான் பண்ணாங்க. அதனால பிளான்ல எந்த வழின்னு முடிவு பண்றது நோயோட தன்மையை பாத்து டாக்டர் சொல்லணும், சப்போர்ட் குடுக்கிறது மட்டும் எந்த நோய்க்கும் மாறக்கூடாது.

தடுப்பூசி விஷயத்துலயும் இதே மாதிரி மூணு வழி இருந்துது, சுருக்கமா சொல்றேன். ஆன்லைன்ல புக் பண்றது, முகாமுக்கு நேரா வர்றது, ஆளைத் தேடி போறது. 2021 மே 1ல 18ல இருந்து 44 வயசுக்கு திறந்தப்ப கோவின்ங்கிற அரசு இணையதளத்துல புக் பண்ணாதான் ஊசி, அதுவும் அப்ப தமிழ் கிடையாது, நெட் வேகமா இருக்கிற பையன் நொடியில ஸ்லாட்டை எடுத்துருவான், வலை பின்னுற அண்ணனுக்கு ஓடிபி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். உச்ச நீதிமன்றமே இதை கேள்வி கேட்டுது. மே 24ல அரசு மையங்கள்ல நேரா வந்தாலும் போடலாம்னு மாத்தினாங்க, செப்டம்பர் 12ல தமிழ்நாட்டுல மெகா முகாம் ஆரம்பிச்சப்பதான் சாதாரண சனத்துக்கு அது கைக்கு எட்டுச்சு. நம்ம மாவட்டத்துக்கு மூணாவது வழிதான் முதல்ல வரணும். காலையில 9 மணிக்கு முகாம்னா வெளுக்கும் முன்னாடியே பால்வெட்ட போன ஆள் தோட்டத்துல இருப்பாரு, பேச்சிப்பாறை மலைமேல இருக்கிற காணி பழங்குடி குடியிருப்புகள்ல இருக்கவங்களுக்கு பஸ் ஏறி வர்றதுக்கே அரை நாள் போயிரும். விசைப்படகுக்காரங்களை ஒண்ணா பிடிக்கணும்னா தடைக்காலம் இருக்கு, கிழக்கு பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, மேற்கு பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31. மத்த மாசத்துல வள்ளம் கரை பிடிக்கிற நேரத்துக்கு துறைமுகத்துல நர்சம்மா இருக்கணும். போட மாட்டேன்னு சொல்றவரை கட்டாயப்படுத்த முடியாது, 2022 மே 2ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு, உடம்பு அவரவர் உரிமை, கட்டுப்பாடு போட்டாலும் அது அளவோட இருக்கணும்னு. உக்காந்து பேசினா பாதி பேர் போட்டுக்குவாங்க, பயம்தான் காரணம், பயத்துக்கு பதில் சொல்ல நேரம் ஒதுக்கணும்.

எல்லையை பத்தியும் எழுதணும். களியக்காவிளையை மூடினப்ப திருவனந்தபுரம் ஆர்சிசி ஆஸ்பத்திரியில கேன்சருக்கு பாத்துட்டு இருந்தவங்க, மெடிக்கல் காலேஜ்ல தொடர் சிகிச்சையில இருந்தவங்க எல்லாம் இந்தப்பக்கம் நின்னாங்க. நமக்கு அது வேற மாநிலம்னு தோணினதே கிடையாது, பஸ் ஏறினா பக்கம். கீமோ தேதி தள்ளிப்போனவங்க கொரோனா எண்ணிக்கையில வரமாட்டாங்க, அவங்களுக்கும் அது கொள்ளைநோய்தான். எந்த பிளான்லயும் டயாலிசிஸ், கேன்சர், பிரசவம் இந்த மூணுக்கும் பாஸ் கேக்காம வழி விடணும்னு ரெண்டு மாவட்ட நிர்வாகமும் பேசி வைக்கணும்.

செங்கல் சூளையிலயும் கட்டட வேலையிலயும் படகுலயும் இருக்கிற வடமாநில தம்பிகள் லிஸ்ட்ல இருக்கணும், ரேஷன் கார்டு இருக்கோ இல்லையோ. ஊரோட லிஸ்ட்ல அவங்க எதுக்குன்னு கமிட்டியில ஒருத்தர் கேட்டாரு. 2020ல ஈரான்ல மாட்டிக்கிட்ட நம்ம மீனவப் பிள்ளைங்க படகுலயே தங்கி, குடிதண்ணி இல்ல, சாப்பாடு இல்லன்னு வீடியோ அனுப்பினப்ப நம்ம வீட்டு பொம்பளைங்க மனு எழுதிட்டு அலைஞ்சாங்க, ஜூலை 1ந்தேதி கடற்படை கப்பல் ஐஎன்எஸ் ஜலஷ்வா 687 இந்தியர்களை தூத்துக்குடி கொண்டு வந்து சேத்தப்பதான் மூச்சு வந்துது. அங்க அவங்க எந்த ரேஷன் கார்டுலயும் இல்ல. இதை சொன்னதும் அவர் வேற ஒண்ணும் பேசல, சரி எழுதுங்கன்னாரு.

ஆக நான் கமிட்டிக்கு எழுதி குடுக்கப்போறது இதுதான்: கொரோனா மாதிரி நோய்க்கு கூலியோட கூடின வீட்டுத்தனிமை முதல்ல, கூடவே விருப்பத்தோட வர்றவங்களுக்கு ஹால், தகரம் கிடையாது. மேல இருந்து தகரம் வந்தே தீரும்னா, உத்தரவு எழுத்துல வேணும், எத்தனை மணிக்கு எந்த தேதிக்கு எடுப்பாங்கன்னு அதுலயே இருக்கணும், 24 மணி நேரமும் போன் எடுக்கிற ஒரு ஆளோட நம்பர் வேணும், சாமானும் மருந்தும் உள்ள வர ஒரு வழி விட்டுத்தான் கட்டணும், இது நாலும் இல்லாம கம்பு நட விடமாட்டோம்னு ஊர் சார்பா கலெக்டர் ஆபீஸ்ல முன்கூட்டியே குடுத்துரணும். கமிட்டியில இப்ப இருக்க பதினாலு பேருல பொம்பளைங்க ரெண்டே பேர், அதுவும் மாறணும், தகரத்துக்கு உள்ள சமைச்சதும் தண்ணி தூக்கினதும் அவங்கதான். கூட்டத்தை ஞாயிறு ரெண்டாம் பூசை முடிஞ்சு வச்சிருக்காங்க, அந்த நேரம் மீன் விக்கிற அம்மாமாருக்கு சந்தை, அதனால சாயங்காலம் 5 மணிக்கு மாத்த சொல்லி தலைவர்கிட்ட கேட்டிருக்கேன்.